யாருக்குத் தெரிந்திருந்தது?

சாவை எழுதுவது நாவலாசிரியனுக்குச் சுலபம். இனிப் பிழைக்க வழியில்லை என்று ஆனபிறகும் நடக்கிற வைத்தியத்தை எழுதுவதுதான் கஷ்டம். 1886-இல் டால்ஸ்டாய் 'இவான் இலியிச்சின் மரணம்' என்ற குறுநாவலில் அதைச் சாதித்தார். அதற்கு நேர் எதிரான சித்திரம் ஒன்று ஆர்தர் ஆஸ்பர்ன் 1954-இல் ஆங்கிலத்தில் எழுதிய ரமண மகரிஷி சரித்திரத்தில் இருக்கிறது. அதன் கடைசிப் பகுதியைப் பக்தர்கள் கண்ணீரோடு படிப்பார்கள். நான் அதை ஒரு நோயாளியின் கதையாகப் படிக்கிறேன்.

1949 பிப்ரவரியில், திருவண்ணாமலை ஆசிரமத்தில், ரமணரின் இடது முழங்கையருகே இருந்த சிறு கட்டியை டாக்டர் அறுத்தெடுத்தார். ஒரு மாதத்துக்குள் அது திரும்ப வந்தது. மார்ச்சில் மறுபடியும் அறுவை. சார்க்கோமா என்ற புற்றுநோய் என்று தெரிந்தது. ரேடியம் வைத்துப் பார்த்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்றதற்கு ரமணர் சம்மதிக்கவில்லை. ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மேலும் இரண்டு ஆபரேஷன்கள். பிறகு டாக்டர்கள் கைவிரித்தார்கள். வேறு வைத்தியங்கள் வந்தன. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு எல்லாம் முடிந்தது.

டால்ஸ்டாயின் கதையில் நோயாளியைச் சுற்றியுள்ளவர்கள் பொய் சொல்கிறார்கள். வலியைவிட அந்தப் பொய்தான் அவனை வதைக்கிறது. பொய் சொல்லாதவன் கெராசிம் என்ற வேலைக்காரன் ஒருவனே. திருவண்ணாமலையில் நிலைமை தலைகீழ். நோயாளிக்குத் தெரிந்திருந்தது, சுற்றியிருந்தவர்களுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. புதிதாக ஒரு வைத்தியர் வரும்போதெல்லாம் அவர்களுக்குப் புதிய நம்பிக்கை. அந்த வைத்தியத்தில் பாதி அவர்களுடைய ஆறுதலுக்காக நடந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் குழப்பம் ஆசிரமத்துக்கு மட்டும் உரியதல்ல. 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உடலெங்கும் பரவிவிட்ட புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்ற 1193 பேரைக் கேட்டார்கள். அது நோயைக் குணமாக்கப் போவதில்லை என்பது நுரையீரல் நோயாளிகளில் 69 சதவீதத்தினருக்கும், குடல் நோயாளிகளில் 81 சதவீதத்தினருக்கும் விளங்கியிருக்கவில்லை. நம் வீடுகளில் கேட்கவே வேண்டாம். ரிப்போர்ட் பிள்ளையின் கைக்குப் போகிறது. "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று வராந்தாவில் ரகசியப் பேச்சு. அப்பாவோ உள்ளே படுத்துக்கொண்டு, அடுத்த ஊசியோடு சரியாகிவிடும் என்று நாள் எண்ணுகிறார்.

ஆஸ்பர்ன் மீது எனக்குள்ள குறை இதுதான். ரமணரின் அமைதியை அவர் எழுதியிருக்கும் விதத்தில், உண்மையைத் தாங்குவது ஞானிக்கே சாத்தியம் என்று வாசகன் முடிவு கட்டிவிடுகிறான். "அவர் மகான், நம்ம அப்பா தாங்குவாரா?" என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. உண்மை தெரிய வேண்டியது ஞானியைவிடச் சாமானியனுக்குத்தான். பங்கு பிரிக்க வேண்டும், பேசாமலிருக்கும் தம்பியைக் கூப்பிட வேண்டும், கடைசியாக ஒருமுறை மலையைச் சுற்ற வேண்டும். இன்னும் ஆறு மாதந்தான் என்று தெரிந்தால் அந்த ஆறு மாதமாவது அவனுடையது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ரமணர் வலியைப் பொறுத்தார் என்பதால் எல்லோரும் பொறுக்க வேண்டும் என்பது நியாயமில்லை. குணமாக்க முடியாத இடத்திலும் வலியைக் குறைக்க மருந்து இருக்கிறது, மார்ஃபின் இருக்கிறது. "இந்த மருந்து எதற்கு, நோய் போகவா, வலி போகவா?" என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. அதற்கு நேரான பதில் சொல்ல ஒரு கெராசிம் வீட்டுக்கு வீடு வேண்டும்.