வலியைக் கேட்பது யார்? ஒரு வினாப்பட்டியலின் ஸ்பானிய மொழிபெயர்ப்பை முன்வைத்து

கவிதை, நாவல் மொழிபெயர்ப்புகள் பற்றி நாம் நிறையவே சண்டை போட்டிருக்கிறோம். மூலத்துக்கு விசுவாசமா, வாசகனுக்கு விசுவாசமா என்று பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. ஆனால் மொழிபெயர்ப்பு நேரடியாக மனித உடலைத் தொடுகிற இடங்களை, அதாவது மருத்துவமனைப் படிவத்தையோ நீதிமன்ற வாக்குமூலத்தையோ, ஒரு பிரதியாகவே நாம் மதிப்பதில்லை. அப்படியொரு பிரதியைத்தான் இங்கே வாசிக்க எடுத்துக்கொள்கிறேன். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவர்களிடம் கேட்கப்படும் 36 கேள்விகள் அவை. ஆங்கிலத்தில் எழுதப்பட்டு ஸ்பானியத்துக்குப் போனவை.

கே.டி.க்யூ.ஓ.எல்-36 என்பது இதன் பெயர். 1994இல் அமெரிக்க ராண்ட் நிறுவனத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட நீண்ட பட்டியலின் சுருக்கம். டயாலிசிஸ் மையங்கள் நோயாளியின் வாழ்க்கைத் தரத்தையும் அளக்க வேண்டும் என்று 2008இல் அமெரிக்க அரசு விதி செய்த பிறகு அங்கே பரவலானது. கடந்த நான்கு வாரங்களில் தசைவலி, நெஞ்சுவலி, தசைப்பிடிப்பு, அரிப்பு, மூச்சுத் திணறல், பசியின்மை, கைகால் மரத்துப்போதல் ஆகியவை எந்த அளவுக்கு உங்களைத் தொந்தரவு செய்தன? ஐந்து கட்டங்களில் ஒன்றில் குறி போட வேண்டும். குறிகளெல்லாம் கூட்டி 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகும். அதற்குப் பிறகு பேசுவது அந்த எண்தான்.

சரி, இதுல என்னய்யா அரசியல் இருக்குன்னு கேக்கலாம். முதல் பன்னிரண்டு கேள்விகளைப் பாருங்கள். எஸ்.எஃப்-12 என்ற பொது உடல்நலப் படிவத்திலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை. ‘மிதமான’ உழைப்புக்கு அது தரும் உதாரணங்கள்: மேசையை நகர்த்துவது, வாக்குவம் கிளீனர் தள்ளுவது, பௌலிங் ஆடுவது, கோல்ஃப் ஆடுவது. உலகப் பொதுவான நோயாளி என்று ஒருவரைக் கற்பித்தவர்களுக்கு அவர் வசிக்கும் தெருவும் தெரிந்திருக்கிறது! 1990களில் ஸ்பெயினில் இதன் மூத்த வடிவமான எஸ்.எஃப்-36ஐ மொழிபெயர்த்தவர்கள் கோல்ஃபைத் தூக்கிவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் நடப்பது என்று போட்டார்கள். சின்னத் திருத்தம்தான். ஆனால் மூலம் எல்லோருக்கும் பொது என்ற பாவனை அந்த ஒரு திருத்தத்தில் கலைந்துவிடுகிறது.

இன்னொரு கேள்வி: கழுவி வடித்துவிட்டாற்போல உணர்ந்தீர்களா? ஆங்கிலத்தில் களைப்பைச் சொல்லும் தேய்ந்துபோன உருவகம் இது. ஆனால் வாரம் மூன்று முறை ரத்தம் முழுவதையும் எந்திரத்தில் ஓடவிட்டுக் கழுவி, உடம்பில் சேர்ந்த நீரை வடித்து எடுத்துக்கொண்டு எழுந்து வருகிறவருக்கு இது உருவகமே அல்ல, நடந்த சம்பவம். ஸ்பானியத்தில் இதற்குக் கைக்கு வரும் சொல் ‘அகோத்தாதோ’. துளி என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த சொல். கடைசித் துளி வரை வற்றிப்போனவர். கழுவுதல் போய்விடுகிறது, வற்றுதல் தங்குகிறது. இழப்பும் வரவும் ஒரே சொல்லில். கவிதை மொழிபெயர்ப்பாளர்கள் படும் அதே பாடு.

இந்த வேலைக்கு முறைகள் வகுத்திருக்கிறார்கள். 2000இல் வெளியான, அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஒரு வழிகாட்டி ஐந்து படிகளைச் சொல்கிறது. முதலில் இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும். பிறகு இரண்டையும் இணைக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத வேறு சிலர் அதைத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுவர வேண்டும். குழு கூடிப் பேச வேண்டும். கடைசியாக முப்பது நாற்பது பேரிடம் கேட்டு என்ன புரிந்தது என்று விசாரிக்க வேண்டும். கடைசிப் படி உண்மையிலேயே நல்ல படி. என் சந்தேகம் மூன்றாவது படியைப் பற்றியது. ஸ்பானிய வாக்கியம் ஆங்கிலத்துக்குத் திரும்பிப்போய்ப் பரீட்சை எழுதுகிறது. ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது பிழை எனக் கொள்ளப்படும். நோயாளி ஒரு சொல்லை மாற்றச் சொல்லலாம், ஆனால் கேள்வியை மாற்றச் சொல்ல முடியாது.

ஸ்பானியத்தில் எழுதிய போர்ஹெஸ் இதை 1939லேயே பகடி செய்துவிட்டார். அவருடைய பியர் மெனார் டான் கிஹோத்தேயின் சில பகுதிகளைச் சொல் மாறாமல் மீண்டும் எழுதுகிறான். ஆனால் காலமும் ஆளும் மாறிவிட்டதால் அது வேறு பிரதியாகிவிடுகிறது.

‘மூச்சுத் திணறல்’ என்ற வரியை இந்த வெளிச்சத்தில் வாசியுங்கள். 1972இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் டயாலிசிஸ் செலவை அரசு ஏற்றது. ஆவணமில்லாத குடியேறிகள் அதற்கு வெளியே. இவர்களில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். பல மாநிலங்களில் இவர்களுக்கு உயிர் போகிற கட்டத்தில் மட்டும்தான் டயாலிசிஸ். நுரையீரலில் நீர் கோத்திருக்க வேண்டும், அல்லது பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். டென்வர் மருத்துவர் லிலியா செர்வாண்டெஸும் மற்றவர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, முறையான டயாலிசிஸ் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், இப்படி அவசரத்தில் மட்டும் பெற்றவர்களுக்கு ஐந்தாண்டுகளில் மரண அபாயம் 14 மடங்கு. (கொலராடோ மாநிலம் 2019இல் இந்த விதியை மாற்றியது.) இந்த ஆளுக்கு மூச்சுத் திணறல் வெறும் அறிகுறி இல்லை, ஆஸ்பத்திரிக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டு. அவரிடம் போய் ‘எவ்வளவு தொந்தரவா இருந்துச்சு?’ என்று கேட்டால் என்ன சொல்வார்? சொல் துல்லியமாகப் பெயர்ந்திருக்கிறது. சொல்லைச் சுற்றியிருந்த சட்டம் பெயரவில்லை.

இதைவிடக் கொடிய உதாரணம் நிகரகுவாவில் இருக்கிறது. மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் கரும்புத் தொழிலாளர்களிடம், சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத இளைஞர்களிடம்கூட, சிறுநீரகச் செயலிழப்பு பெருமளவில் காணப்படுகிறது. வெயிலும் நீரிழப்பும் கடும் உழைப்பும் முக்கியக் காரணங்களாகப் பேசப்படுகின்றன. சிச்சிகல்பா ஊரில் நோய்க்கே ‘கிரியாத்தினினா’ என்று பெயர். ரத்தப் பரிசோதனைச் சீட்டிலிருந்து ஜனங்கள் எடுத்துக்கொண்ட சொல். சிறுநீர் கழிக்கையில் எரிவதை அவர்கள் ‘சிஸ்தாத்தா’ என்கிறார்கள். வெயிலும் வேலையும் அதற்குள்ளேயே இருக்கின்றன. மருத்துவர்களும் மருந்துக் கடைக்காரர்களும் அதைச் ‘சிறுநீர்த் தொற்று’ என்று மொழிபெயர்த்தார்கள். கிருமிக்கொல்லிகளும் வலி மாத்திரைகளும் கைக்கு வந்தன. அவற்றில் சில சிறுநீரகத்துக்கே ஆகாதவை. ஒரே மொழிக்குள் நடந்த மொழிபெயர்ப்பு இது. கரும்புக்காட்டின் சொல்லை ஆஸ்பத்திரிச் சொல்லாக மாற்றியபோது வெயில் காணாமல் போயிற்று, முதலாளியும் கூடவே காணாமல் போனான். கிருமி மட்டும் மிஞ்சியது.

நான் சொன்ன 36 கேள்விகளில் சிஸ்தாத்தா கிடையாது. அது டயாலிசிஸ் நோயாளிகளுக்கான பட்டியல், இருக்க வேண்டிய அவசியமுமில்லை என்று பதில் வரும். நியாயந்தான். ஆனால் எந்தப் பட்டியலிலும் ஒரு சொல் நுழையும் வழி எது என்பதே என் கேள்வி.

இதைக் கேட்டுவிட்டு, ‘எண்ணாக்குவதே அதிகாரம், படிவத்தைக் கிழித்துப் போடுங்கள்’ என்று சில தோழர்கள் கிளம்பக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. டயாலிசிஸ் நோயாளிகள் படும் பல அவஸ்தைகள் அவர்களைப் பார்க்கும் மருத்துவர்களின் கண்ணுக்கே தப்பிவிடுகின்றன என்று 2007இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு கிடப்பவருக்கு, அரிப்பைப் பற்றி யாராவது கேட்பதே பெரிய விஷயம். ஸ்பானியப் படிவம் இல்லையென்றால் ஸ்பானியம் பேசுகிறவர் ஆய்விலிருந்தே விலக்கப்படுவார், அல்லது மகள் மொழிபெயர்க்க, ‘நான் குடும்பத்துக்குப் பாரமாக இருக்கிறேன்’ என்ற வாக்கியம் உண்மையா பொய்யா என்று அவளிடமே சொல்ல வேண்டிவரும். அந்தக் கேள்வியும் இந்த 36இல் ஒன்று.

ஆகவே கேள்விகள் வேண்டும். ஆனால் தகவமைப்பு என்பது ஒருவழிப் பாதையாக இருக்கும்வரை அது சுங்கச் சாவடி வேலைதான். சிச்சிகல்பாவில் கரும்பு வெட்டுகிறவரும் டென்வரில் மூச்சு முட்டும்வரை காத்திருப்பவரும் தங்கள் பேச்சில் எதைச் சொல்கிறார்களோ அதிலிருந்து கேள்விகள் பிறக்கட்டும். பிறகு அவை ஆங்கிலத்துக்குப் போகட்டும். சரியாகப் பெயர்ந்ததா என்று அங்கிருந்து ஸ்பானியத்துக்குத் திரும்பி வந்து, ஒரு தடவையாவது ஆங்கிலம் பரீட்சை எழுதட்டும்.

இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திரத்தின் உத்தானத்திலும் காரணம் முழுதாக விளங்காத இதே மாதிரியான சிறுநீரக நோய் விவசாய உழைப்பாளிகளைப் பிடித்திருக்கிறது. அங்கே ஜனங்கள் தங்கள் எரிச்சலுக்கும் களைப்புக்கும் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று போய்க் கேட்க, டாக்டர் பட்டம் எதுவும் தேவையில்லை. மொழியை நம்புகிறவர்கள் போனாலே போதும்.