'நரம்புத் தளர்ச்சி': பாலியல் அச்சத்தின் சொற்களைக் குறித்து

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் விற்கப்படும் லேகியப் புட்டிகளையும் துண்டு விளம்பரங்களையும் வாசிப்போர்க்குச் சில சொற்கள் புதியன அல்ல. நரம்புத் தளர்ச்சி, தாது நஷ்டம், சொப்பன ஸ்கலிதம், கைப்பழக்கம் ஆகியவற்றை நாம் மருத்துவச் சொற்களாகவே கருதிப் பழகிவிட்டோம். பழந்தமிழ் மருத்துவ மரபே அவற்றைத் தந்தது என்ற எண்ணமும் பரவலாக உண்டு. இவ்வெண்ணம் பாதி மட்டுமே உண்மை.

சித்த மருத்துவம் உடற்கட்டுகளை ஏழாக வகுக்கும். சாரம் செந்நீராகி, ஊன், கொழுப்பு, என்பு, மூளை எனப் படிப்படியாக மாறி, இறுதியில் சுக்கிலமாகிறது என்பது அதன் கணக்கு. கடைசிப் படியில் நிற்பது விலை மிக்கது என்ற கருத்து இதிலிருந்து எளிதில் தோன்றும். 'விந்து விட்டவன் நொந்து கெட்டான்' என்னும் பழமொழியும் இதனோடு சேர்ந்துகொண்டது. துறவியர்க்குரிய யோக ஒழுக்கம், இல்லறத்தார்க்கும் பதின்ம வயதினர்க்கும் உரிய உடலியல் விதியாக இங்கே இடம் மாறிவிடுகிறது. இவ்விடமாற்றத்தை நம் உரையாசிரியர் பலரும் பொருட்படுத்தியதில்லை.

மறுபாதி ஐரோப்பாவிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்து மருத்துவர் திஸ்ஸோ தன்னின்பம் பற்றி 1760இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூலில், ஓர் அவுன்சு விந்தின் இழப்பு நாற்பது அவுன்சு இரத்த இழப்பினும் கொடியது என்ற கருத்தை முன்வைத்தார். நம்மவர் வாய்மொழியாகச் சொல்லும் 'நாற்பது சொட்டு இரத்தம்' என்னும் கணக்கோடு இது ஒத்திருப்பது வியப்பளிக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கூற நாம் துணியவில்லை. அமெரிக்கரான ஜார்ஜ் பியர்டு 1869இல் 'நியூரஸ்தீனியா' என்னும் நோய்ப்பெயரைப் பரப்பினார். 'நரம்புத் தளர்ச்சி' என்பது இப்பெயரின், அல்லது 'நெர்வஸ் டெபிலிட்டி' என்னும் காலனியக்கால விளம்பரச் சொல்லின் மொழிபெயர்ப்பாகவே நமக்குத் தோன்றுகிறது. விடுதலைக்கு முந்திய ஆண்டான 1956இல் இயற்றப்பட்ட நம் நாட்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், உடலுறவு தொடர்பான நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து என விளம்பரம் செய்வதைத் தடுக்கும் பட்டியலில் அதனைப் பெயர் சொல்லியே சேர்த்துள்ளது. அன்றே அது தொல்லையாக இருந்தமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

உடலியல் சொல்வதோ எளியது. ஒருமுறை வெளியாகும் விந்து ஏறத்தாழ 2 முதல் 5 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாது. அதன் பெரும்பகுதி விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர்மம். இரத்தம் வற்றி விந்தாவதில்லை. சேர்த்து வைப்பதால் வலிமை கூடுவதுமில்லை. உறக்கத்தில் வெளியேறுவது பருவமடைந்த உடலின் இயல்பு. கின்சியின் 1948ஆம் ஆண்டு ஆய்வில் ஆடவருள் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் தன்னின்பம் அனுபவித்தவர்களே. எனினும் அஞ்சுவோர் உணரும் சோர்வும் உறக்கமின்மையும் பொய்யல்ல. மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக் 1960இல் இதற்குத் 'தாது' நோய்க்குறித் தொகுதி எனப் பெயரிட்டார். அச்சமும் குற்றவுணர்வுமே இங்கு உடலை வாட்டுகின்றன. இவர்களை நகைப்பது எவ்வாற்றானும் தகாது.

விளம்பர நடையைக் கூர்ந்து நோக்கினால் அது வாசகனை நோயாளியாக அன்றிக் குற்றவாளியாகவே விளிப்பது புலப்படும். 'இளமையில் செய்த தவறு' என்று தொடங்கும். 'இல்லறம் பாழாகும்' என்று அச்சுறுத்தும். பின்னர் மருந்தின் விலை வரும். இந்நடையின் கேடு நம் சமூகத்தில் கூடுதலாகவே உள்ளது. 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி மலேசிய இந்தியருள் வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டு. நாட்டு மொத்தம் 18.3 விழுக்காடு. நம்மவர் 'இனிப்புநீர்' என்று கூறும் இந்நோய், இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுத்து ஆண்மைக் குறைபாட்டை உண்டாக்கும். சிலருக்கு இதய நோயின் முன்னறிகுறியும் அதுவே. ஐம்பது வயதுக் கிள்ளான்வாசி ஒருவர் தம் குறைபாட்டிற்குப் பதினாறு வயதுப் பழக்கத்தைக் காரணமாக நம்பினால், இரத்தப் பரிசோதனைக்குச் செல்லாமல் லேகியம் வாங்குவார். பதிவு பெறாத இத்தகைய சரக்குகள் சிலவற்றில் சில்டெனாபில் கலந்திருப்பதை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பன்முறை கண்டறிந்துள்ளனர். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்பவர் அதனையும் சேர்த்து விழுங்கினால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியும்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் மொழிச் சிக்கல் ஒன்றும் உண்டு. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. பருவமடையும் மாணவன் தன் உடலைப் பற்றிய அறிவியலை இடைநிலைப் பள்ளியில் மலாயில் கற்கிறான். அவனிடம் எஞ்சும் தமிழ்ச் சொற்களோ விளம்பரம் தந்தவை. 'கைப்பழக்கம்' என்பதில் உள்ள 'பழக்கம்' குடிப்பழக்கத்தை நினைவூட்டுவது. 'நஷ்டம்' வணிகக் கணக்கின் சொல். 'தன்னின்பம்', 'விந்து வெளியேற்றம்' போன்ற, தீர்ப்பு ஏற்றப்படாத சொற்கள் தமிழில் இருக்கவே செய்கின்றன. நலக்கல்விப் பாடத்திலும் வகுப்பறைப் பேச்சிலும் அவை இன்னும் போதிய அளவு இடம்பெறவில்லை என்பதே நம் கருத்து. பெண்களின் இயல்பான வெள்ளைப்படுதலையும் இதே 'தாது' கணக்கில் சேர்த்து உடல் உருக்கும் நோயாக அச்சுறுத்தும் வழக்கு தனியே ஆராயத்தக்கது.