தேவதாஸின் கோப்பை

காதலில் தோற்றவன் குடிக்கத்தான் வேண்டும் என்பதைத் தமிழ் இளைஞனுக்குக் கற்பித்தது சாராயக் கடையன்று, திரையரங்கு. சரத்சந்திரர் வங்காளத்தில் எழுதி 1917இல் நூலாக வெளிவந்த ‘தேவதாஸ்’, 1953இல் நாகேஸ்வர ராவ், சாவித்திரி நடிப்பில் தமிழில் திரைக்கு வந்தது. அந்தப் பெயர் நம் வீடுகளில் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. தாடியோடு திரியும் பிள்ளையைப் பார்த்து, “என்னடா, தேவதாஸ் மாதிரி?” என்று கேட்காத அத்தை திருவாரூர்ப் பக்கத்தில் உண்டா?

நூலைப் படித்தவர்களோ குறைவு. அண்டைவீட்டுப் பார்வதி, இரவில் தனியே வந்து தேவதாஸிடம் அடைக்கலம் கேட்கிறாள். குலப்பெருமை பேசி அவன் வீட்டார் மறுக்கிறார்கள். அவன் எதிர்த்து நிற்கவில்லை. கல்கத்தாவுக்குப் போய், தனக்கு அவள்மேல் அத்தகைய காதல் இருந்ததில்லை என்ற பொருள்பட மடல் எழுதுகிறான். பின்னர் மனம் மாறித் திரும்பி வருகிறான். அவள் இணங்காதபோது தூண்டிற்கோலால் அவள் நெற்றியில் அடித்துக் காயப்படுத்துகிறான். இவ்வளவும் நடந்த பிறகே அவன் குடியில் மூழ்குகிறான். அவனைக் கோப்பைக்குத் தள்ளியது காதல் தோல்வியா, தன் கோழைத்தனத்தைத் தானே காணச் சகியாமையா? ஆசிரியர் இக்கேள்வியைத் திறந்தே வைத்தார். நம் இரசனையோ பாடலாலும் கண்ணீராலும் அதை மூடிவிட்டது. நெற்றித் தழும்பு மறந்துபோயிற்று. கோப்பை மட்டும் நினைவில் நின்றது.

அதே நாகேஸ்வர ராவ் 1981இல் தெலுங்கில் நடித்த ‘பிரேமாபிஷேகம்’, மறு ஆண்டே கமல்ஹாசன் நடிப்பில் ‘வாழ்வே மாயம்’ ஆயிற்று. அதில் நோயுற்ற நாயகன், காதலி தன்னை வெறுக்கட்டும் என்று சீர்கெட்டவனாக நடிக்கிறான். சீர்கேடே தியாகத்தின் சான்றாகிவிடுகிறது! 2011இல் நாடெங்கும் ஒலித்த ‘கொலவெறி’ப் பாடல் இந்தச் சோகத்தைச் சற்றே கேலி செய்தது, அந்த மட்டில் நல்லதே. ஆயினும் குற்றவாளிக் கூண்டில் நின்றவள் அங்கும் பெண்தான்.

நம் ஊரின் மரபு வேறொன்று சொல்கிறது. சங்கிலியாரையும் மணந்து திரும்பிய சுந்தரருக்குப் பரவையார் கதவடைக்கிறார். ஆரூர் இறைவன் நள்ளிரவில் இருமுறை தூது நடக்கிறார் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். முதன்முறை பரவையார் மறுத்தே அனுப்புகிறார். இது நம் மறையின் கதையன்று. எனினும் பெண்ணின் சினத்துக்கு அதில் இருக்கும் மதிப்பை நம் திரைப்படங்களில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

புனித அகுஸ்தினாரின் ‘ஒப்புதல்கள்’ இவ்வகையில் தேவதாஸுக்கு நேர் எதிரான நூல். பல்லாண்டு உடன் வாழ்ந்து தமக்கு மகனைப் பெற்றுத் தந்தவளை, தகுதியான வரன் அமைந்ததும் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார். இனி வேறொருவனை அறிவதில்லை என்று அவள் நேர்ந்துகொண்டு போனாள். அவரோ மணநாளுக்கு இரண்டாண்டு காத்திருக்க மாட்டாமல் வேறொருத்தியைத் தேடிக்கொண்டார். இதை அவரே எழுதுகிறார். பழியை அவள்மேல் போடவில்லை. புனித மோனிக்காவின் கதையும் அதில் உண்டு. சிறுமியாயிருந்தபோது மிடாவிலிருந்து திராட்சை மது எடுக்கப் போனவர், முதலில் உதடு நனைத்து, பின்னர் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கப் பழகினார். பணிப்பெண் ஒருத்தி சண்டையில் ‘குடிகாரி’ என்று ஏசியதும் விட்டார். தாய்மாருக்கு மோனிக்காவின் கண்ணீரைச் சொல்லும் மறையுரைகள் இந்தக் கிண்ணத்தை ஏனோ சொல்வதில்லை.

2003 முதல் தமிழகத்தில் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசமானது. துயரத்துக்கு இன்று கடை தொலைவிலில்லை. இளைஞன் ஒருவனின் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் திரைப்பாடல் வரியைக் காணும்போது, ‘இது வெறும் படம்தானே’ என்று நம்மால் கடந்துபோக முடியவில்லை. சாதி பார்த்துப் பெற்றோர் மறுத்ததை, ‘அவள் ஏமாற்றிவிட்டாள்’ என்று பாடித் தீர்ப்பது எளிது. வீட்டில் நிமிர்ந்து பேசுவது கடினம். திருமுழுக்குப் பெற்ற குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

நம் இளைஞர் மன்றங்கள் ‘ஒப்புதல்க’ளின் ஆறாம் நூலையும் ஒன்பதாம் நூலையும் கூடிப் படிக்கலாம். ஆறாம் நூலில் அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் கிடைக்காது. எல்லாவற்றையும் எழுதிய அகுஸ்தினார் அதை எழுதாமல் விட்டது நமக்கு இன்றும் உறுத்துகிறது.