சுத்தியல் தொடாத கேலிப்பர்

மோட்டார் சைக்கிள் டிஸ்க் பிரேக்கில் கேலிப்பர் சறுக்கி நகர உதவும் ஸ்லைடு பின் இறுகிப்போனால், அதை வெளியே எடுப்பது பெரிய வித்தையில்லை. நான்கு போடு போட்டால் எதுவும் வெளியே வரும். வந்த பிறகு அது உட்கார்ந்திருந்த துளை எப்படி இருக்கிறது என்பதில்தான் கைவேலையின் தரம் தெரியும். துளையின் வாய் பிதுங்கியிருக்கக் கூடாது, உள்சுவரில் கீறல் விழுந்திருக்கக் கூடாது, பிராக்கெட் கோணியிருக்கக் கூடாது, பின்னின் பூச்சு உரிந்திருக்கக் கூடாது. இந்த நான்கும் கெடாமல் எடுக்கிற மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கையைக் கவனித்தால் ஒன்று புரியும்: இழுப்பதில்லை, அடிப்பதில்லை, திருப்புகிறார்கள். பிரேக் வேலையில் ரசிக்க எவ்வளவோ உண்டு. ஆனால் இந்தச் சின்னத் திருப்பலுக்கு ஈடாக என்னால் வேறொன்றைச் சொல்ல முடியவில்லை.

கணக்கு போட்டே இதை நிரூபிக்கலாம். 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள பின் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு மையத்திலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. 120 மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரை அதில் மாட்டித் திருப்பினால் கையின் பலம் முப்பது மடங்காகப் பெருகி, பின்னும் துளைச்சுவரும் ஒட்டியிருக்கிற அந்தப் பரப்பிலேயே போய் விழுகிறது. பத்து கிலோ அழுத்தம் அங்கே முன்னூறு கிலோவாகிறது. நேராக இழுக்கிறவருக்கு இப்படி ஒரு பெருக்கல் கிடையாது, அவர் கொடுக்கிற பலம்தான் அவருக்குக் கிடைக்கிறது. சுத்தியல் அடியில் பலம் நிறையவே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது போய்ச்சேரும் இடத்தை அடிப்பவர் தேர்ந்தெடுக்க முடியாது. பின்னின் தலை நசுங்கலாம், வார்ப்பு அலுமினியத்தில் விரிசல் விடலாம், பிராக்கெட் வளையலாம். துருவைத் தவிர எல்லாவற்றையும் அந்த அடி தொட்டுவிட்டு வரும்.

திருப்பலிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் அசைவு கழற்றும் திசையில் இருக்கக் கூடாது. பெரும்பாலான கேலிப்பர்களில் பின்னின் ஒரு முனை பிராக்கெட்டிலோ உடலிலோ மரையில் முடுக்கப்பட்டிருக்கும். அவசரப்பட்டு இடப்பக்கம் திருப்பினால் மரை கழன்று, பின் மட்டும் துளைக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு பிடிக்க ஒன்றுமிருக்காது, வைஸ் கிரிப் போட்டுக் கடித்து இழுக்க வேண்டியதுதான். ஆகவே முடுக்கும் திசையில் ஒரு இழை. மரை உறுதியாக இருக்கும், துளைக்குள் பின் மட்டும் அசையும். பிறகு வந்த தூரத்துக்கு மட்டும் திரும்பி, மறுபடி முன்னே. இந்தப் போக்கும் வரவும் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகும். இரண்டு பின்களில் ஒன்று விடுபட்டுவிட்டால் மற்றதற்கு வேறு கருவியே தேவையில்லை, அதில் முடுக்கியிருக்கும் பிராக்கெட்டே கைப்பிடி. பிராக்கெட்டைப் பிடித்து இப்படியும் அப்படியுமாக ஆட்டுகிறவரின் கையில் பலம் ஏறுவதே தெரியாது. முறுக்கிய வீணைத் தந்தியை இறக்கிச் சுருதி பார்க்கிறவரின் விரல்போல, எதிர்ப்பு எங்கே தளர்கிறது என்று தேடிக்கொண்டே போகும்.

இறுகிப்போகும் இந்தக் கோளாறு புதிதும் அல்ல. மோட்டார் சைக்கிளில் டிஸ்க் பிரேக்கைப் பெருவாரியான ஓட்டிகளிடம் கொண்டுபோன ஹோண்டா சிபி750 வந்தது 1969இல். அதன் 296 மில்லிமீட்டர் டிஸ்க்கைப் பிடித்த கேலிப்பர் இரண்டு பின்களில் சறுக்கவில்லை, ஃபோர்க்கோடு இணைந்த ஒரு கையில் மாட்டப்பட்டு ஒற்றை அச்சில் ஊசலாடியது. ஒரே பிஸ்டன்தான், அதனால் மறுபக்கப் பேட் டிஸ்க்கைத் தொடுவதும் விடுவதும் அந்த அச்சின் தயவில். அச்சில் துரு ஏறினால் ஒரு பேட் மட்டும் தேய்ந்தது. அந்த அச்சு திரும்புவதற்கென்றே பிறந்தது, ஆகவே அதைத் திருப்பி விடுவிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னால் வந்த சறுக்கும் பின்களோ நீளவாக்கில் மட்டும் நகர்பவை. நீளவாக்கில் நகரும் பொருளை நீளவாக்கிலேயே விடுவிக்கப் பார்ப்பது மனிதக் கையின் இயல்பு. சுத்தியலுக்கு வேலை வந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

டபிள்யூடி-40 அடித்து ராத்திரி முழுக்க ஊற வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் ஒரு பெரிய கட்சி. எண்ணெய் தேவைதான். ஆனால் எஃகுப் பின்னுக்கும் அலுமினியச் சுவருக்கும் நடுவே விளைந்த ஆக்சைடு, தான் உருவான உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. சந்தே இல்லாத இடத்தில் எண்ணெய் எப்படி நுழையும்? முதலில் ஒரு மயிரிழைச் சந்து வேண்டும். சூடு அதைத் தருகிறது. எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கேலிப்பரைக் கழற்றிக் கொதிநீரில் போட்டால், அறைவெப்பத்திலிருந்து ஏறும் எழுபது டிகிரிக்கு 8 மில்லிமீட்டர் துளை பின்னைவிட மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு கூடுதலாக விரிகிறது. இது ஒரு அளவா என்று சிரிக்கலாம். ஆக்சைடு நொறுங்கும் தன்மை உடையது, அது உடைய இவ்வளவே போதும். உடைந்த பிறகு எண்ணெய் உள்ளே போகும், திருப்பல் அதைப் பரப்பும். கேஸ் டார்ச்சைக் காட்டுபவர்கள் இதே கொள்கையைத்தான் பின்பற்றுகிறார்கள், ஆனால் அளவு தெரியாமல். ஈரம் ஏறிய டாட் 4 பிரேக் ஆயிலுக்கு வரையறுத்த குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். உள்ளே ரப்பர் சீல்களும் இருக்கின்றன. கொதிநீர் நூறு டிகிரியைத் தாண்டாது என்பதே அதன் அழகு.

எடுத்த பிறகு நடக்கும் வேலையில்தான் ரசனை பிரிகிறது. பின்னை உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்குவதைப் பலர் சாதனையாக நினைக்கிறார்கள். துருவோடு பூச்சும் போய்விடும், அடுத்த மழைக்காலத்திலேயே அது மறுபடி இறுகும். மெல்லிய ஸ்டீல் கம்பளியால் துடைத்து, குழி விழுந்திருந்தால் தயங்காமல் புதுப் பின் வாங்குவதே முறை. துளைக்கு ட்ரில் கூடாது, கையால் சுழற்றும் கம்பி பிரஷ் போதும். பின்னை மூடும் ரப்பர் பூட் உட்காரும் பள்ளத்தைச் சுரண்டுவதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். அங்கே படிந்த வெள்ளைப் பொடி பூட்டின் உதட்டைத் தூக்கிவிடுகிறது, தண்ணீர் நுழையும் வழியே அதுதான். பிறகு கிரீஸ். தாமிர கிரீஸ் அபிமானிகளோடு எனக்குச் சண்டை இல்லை, அவர்கள் அதைப் பேடின் முதுகோடு நிறுத்திக்கொண்டால். பெட்ரோலிய எண்ணெய் கலந்த எதுவும் இந்தப் பூட்டுகளை உப்ப வைக்கும், உப்பிய பூட் பின்னைத் தானே இறுக்கிப் பிடிக்கும். சிலிகான் கிரீஸ் அல்லது சிவப்பு ரப்பர் கிரீஸ், அதுவும் மெல்லிய படலமாக. துளை நிறைய அடைத்தால் உள்ளே சிக்கிய காற்று ஸ்பிரிங்போல வேலை செய்து கேலிப்பரைத் திருப்பித் தள்ளும்.

பேட்களைத் தாங்கும் பேட் பின்னைப் பற்றி ஒரே வார்த்தை: கேலிப்பர் ஃபோர்க்கில் மாட்டியிருக்கும்போதே அதைத் தளர்த்துங்கள், அதைவிட நல்ல வைஸ் கிடையாது.

இரண்டு பக்கமும் பிஸ்டன் உள்ள நிலையான கேலிப்பரை வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை என்பது இன்னொரு வாதம். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட நான்கு பிஸ்டன் கேலிப்பரை முன்னால் வைத்திருக்கிற கேடிஎம் டியூக் 390கூடப் பின்சக்கரத்தில் சறுக்கும் கேலிப்பரைத்தான் வைத்திருக்கிறது. ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650இன் 320 மில்லிமீட்டர் முன்டிஸ்க்கைப் பிடிப்பதும் சறுக்கும் கேலிப்பரே. நம் சாலையில் ஓடும் வண்டிகளில் இதிலிருந்து முழுதாகத் தப்பியவை குறைவு. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் ஏபிஎஸ் பிரேக் ஆயிலின் அழுத்தத்தைத்தான் குறைக்கும், கூட்டும். இறுகிய பின்னை அது நகர்த்தாது.

வருத்தமெல்லாம் இன்றைய சர்வீஸைப் பற்றித்தான். வாட்டர் வாஷ் அடித்துப் பூட்டுக்குள் தண்ணீரை ஏற்றுகிறார்கள், வெளியிலிருந்து டார்ச் அடித்துக் கண்ணில் படும் பேடை மட்டும் பார்க்கிறார்கள். பின் இறுகினால் பிஸ்டன் பக்கத்துப் பேட்தான் பெரும்பாலும் காகிதமாகத் தேயும், இரண்டையும் ஒப்பிடாமல் அது தெரியாது. லீவர் மெத்தென்று இருக்கிறது என்றால் காற்று நுழைந்துவிட்டது என்று சொல்லி ஆயிலை மாற்றுகிறார்கள். நகராத கேலிப்பர் டிஸ்க்கையே வளைப்பதால் வரும் மென்மை எத்தனை முறை காற்று எடுத்தாலும் போகாது. கடைசியில் முழுக் கேலிப்பரையே மாற்றச் சொல்கிறார்கள். அடுத்த முறை பேட் மாற்றும்போது பழையவை இரண்டையும் கையில் கேட்டு வாங்கிப் பாருங்கள். தடிமன் ஒன்றாக இல்லாவிட்டால், புதுப் பேட் ஏறுவதற்கு முன் இரண்டு பின்களையும் கழற்றச் சொல்லுங்கள். அவர் சுத்தியலைத் தேடினால் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போங்கள்.