சாமி சத்தியமா!

கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் ஒருவர் சொல்வதை நீங்கள் நம்பவில்லையென்றால், அடுத்த நொடியே சாட்சிக்கு மாரியாத்தா வந்துவிடுவாள். 'ஆத்தா மேல சத்தியமுங்க!' அதற்கும் நம்பாதவருக்கு, 'பொய் சொன்னா ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகட்டும்.' தன்னையே பணயம் வைக்கும் இந்தத் துணிச்சல்தான் எனக்குப் பிடித்தது. பழைய வழக்கம் இது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், பகைவரை வெல்லாவிட்டால் புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்று வஞ்சினம் கூறியது புறநானூற்றில் இருக்கிறது. கண்ணை வைப்பவரும் உண்டு, புகழை வைப்பவரும் உண்டு.

கோயிலில் எரியும் கற்பூரத்தை அடித்து அணைத்துச் செய்யும் சத்தியத்துக்கு இதைவிட எடை அதிகம். ஒரு காலத்தில் நீதிமன்றமே இத்தகைய சத்தியத்துக்கு இடம் கொடுத்தது. 1873ஆம் ஆண்டு ஆணைச் சட்டப்படி, எதிராளி இப்படிச் சத்தியம் செய்தால் ஏற்கிறேன் என்று வழக்காடுபவர் ஒப்புக்கொள்ளலாம். செய்துவிட்டால் அந்த விஷயத்தில் அதுவே முடிவான சாட்சியம். 1969இல் வந்த புதுச் சட்டம் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது.

பள்ளிப் பிள்ளைகள் தொண்டையைக் கிள்ளிக்கொண்டு 'காட் பிராமிஸ்', 'மதர் பிராமிஸ்' என்பார்கள். பாவம், அம்மாக்கள்! அமைச்சர்களுக்கோ அரசமைப்புச் சட்டம் இரண்டு வழி தருகிறது: கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். என் ஓட்டு கற்பூரத்துக்குத்தான். அதில் கையாவது கொஞ்சம் சுடும்.