மெய்ப்பாட்டியல் நோக்கில் மூளை–மூளைத் தொடர்பு: புலனுணர்வுப் பகிர்வும் அதன் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் மூளையிலிருந்து மற்றொருவர் மூளைக்குச் செய்தி அனுப்பும் சோதனைகள் 2013, 2014ஆம் ஆண்டுகளில் நிகழ்த்தப்பெற்றன. அவற்றை உணர்வுப் பகிர்வு எனக் கூறல் பொருந்துமா என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் உரைமரபு கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அத்தகைய பகிர்வுக்கான பாதுகாப்பு எங்குத் தொடங்க வேண்டும் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, விறல், அகம், மறையாக்கம், மூளை–மூளைத் தொடர்பு, அனகாபுத்தூர் நெசவு

முன்னுரை

‘எண்ணத்தை அனுப்பிவிட்டனர்’ என்றே இச்சோதனைகள் பொதுவெளியில் பேசப்பட்டன. ஆனால், 2014ஆம் ஆண்டின் ஆய்வறிக்கை தகவல் அனுப்பப்பட்டதாக மட்டுமே உரிமை கோருகிறது. தகவலுக்கும் அனுபவத்திற்கும் உள்ள இடைவெளியை அளக்கத் தமிழ்க் கவிதையியலில் கருவி உண்டு என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

1. சோதனைகளில் நிகழ்ந்தது

சிந்துவெளி எழுத்தாய்வில் ஐராவதம் மகாதேவனுடன் இணைந்து பணியாற்றியவராகத் தமிழ் ஆய்வுலகம் அறிந்த ராஜேஷ் ராவ், 2013 ஆகஸ்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முதற்சோதனையை நிகழ்த்தினார். கணினி விளையாட்டொன்றைப் பார்த்தபடி அவர் தம் கையை அசைப்பதாக எண்ணினார். அந்த மூளை மின்னலை இணையவழிச் சென்று, வளாகத்தின் வேறோரிடத்தில் இருந்த ஆண்ட்ரியா ஸ்டோக்கோவின் மூளையைக் காந்தத் துடிப்பால் தூண்ட, அவர் விரல் தானே அசைந்தது.

2014 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் இருந்தவர் கையையோ காலையோ அசைப்பதாகக் கற்பனை செய்து 1, 0 என்னும் இலக்கங்களை உண்டாக்கினார். பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் கண் கட்டப்பட்டிருந்தவர், காந்தத் தூண்டலால் தோன்றிய ஒளிப்பொறியைக் கண்டபோதும் காணாதபோதும் அதனைத் தெரிவித்தார். இவ்வாறு ‘ஓலா’, ‘சாவ்’ என்னும் இரு வாழ்த்துச் சொற்கள் சென்றன. ரோமன் எழுத்தில் நான்கெழுத்துடைய ஒவ்வொரு சொல்லும் எழுத்துக்கு 5 இலக்கமாக 20 இலக்கம். பிழை களைய ஏழுமுறை மடக்கப்பட்டு 140 இலக்கம். வேகமோ நிமிடத்திற்கு ஏறத்தாழ 2 இலக்கமே.

எழுத்துகளை இலக்கமாக்கப் பயன்பட்டது பிரான்சிஸ் பேக்கனின் மறைமொழி முறை. மறைத்தெழுதவே அவர் வகுத்த அம்முறை இங்கு எதையும் மறைக்கவில்லை. எழுத்தை எண்ணாக்கும் பணியை மட்டுமே செய்தது.

2. மெய்ப்பாட்டின் நான்கு படிகள்

நகை முதலிய எட்டு மெய்ப்பாடுகளை விளக்கும் உரையாசிரியர்கள் சுவைப்பொருள், அதனை நுகரும் பொறியுணர்வு, உள்ளத்தில் எழும் குறிப்பு, உடலில் புலப்படும் விறல் என நான்கு படிகளைக் காட்டுவர். ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் இத்தொடர்ச்சியே மெய்ப்பாட்டின் முழுமை.

ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்தவரிடம் பொறியுணர்வு உண்டு, சுவைப்பொருள் இல்லை. அவர் கண்ட ஒளி, அனுப்பியவர் கண்ட ஒளியும் அன்று. ஸ்டோக்கோவிடம் உடலசைவு உண்டு. அதனைப் பிறப்பித்த குறிப்பு அவருடையதன்று. அவ்வசைவை விறல் எனல் பொருந்தாது. உள்ளக் குறிப்பின் வெளிப்பாடே விறலாதலின், இது விறலின் தோற்றம் மட்டுமே. ஆகவே, இரு சோதனைகளிலும் தனித்தனிப் படிகள் கடத்தப்பட்டனவேயன்றி அனுபவம் பகிரப்படவில்லை.

அனகாபுத்தூர் நெசவை இங்கு எண்ணிப் பார்க்கலாம். அங்கு வாழைநார் முதலிய இயற்கை இழைகளாலும் துணி நெய்யப்படுகிறது. நார் பருத்தி நூல்போல் சீரானதன்று. இழையின் விறைப்பை விரல் அறிகிறது, ‘அறுந்துவிடும்’ என உள்ளம் குறிக்கிறது, கை தளர்கிறது. இந்த விரலுணர்வை மட்டும் பதிந்து மற்றொருவர்க்கு அனுப்பினால், பெறுபவர் விறைப்பை உணரலாம். அது எதற்கான எச்சரிக்கை என்பதை, பல்லாண்டுப் பழக்கமின்றி அறிதல் அரிது.

3. பாதுகாப்பு எங்குத் தொடங்குகிறது?

மறையாக்கம் வழியைக் காக்கும். இரு முனைகளைக் காக்காது. அனுப்பும் முனையில், நெசவாளரின் விரலுணர்வு பதிவாகும்போதே அது அவர் கையை விட்டு நீங்கிவிடுகிறது. அப்பதிவு எவருக்குரியது என்னும் வினாவிற்கு மறையாக்கத்தில் விடையில்லை. பெறும் முனையில், அயலார் குறிப்பு தம் உடலை அசைப்பதைத் தடுக்கும் உரிமை பெறுபவர்க்கு வேண்டும். ஸ்டோக்கோ இசைந்தே அமர்ந்திருந்தார். இசைவில்லாத இடத்தில் அதே தூண்டல் வன்முறையாகிவிடும்.

முதல் முனையைப் பற்றி இந்திய உச்சநீதிமன்றம் 2010இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் தெளிவாகக் கூறியுள்ளது. ஒருவரின் இசைவின்றி உண்மையறியும் மருந்துச் சோதனை, பொய்யறியும் சோதனை, மூளை மின்பதிவுச் சோதனை ஆகியவற்றைச் செய்தல் அரசமைப்புக்கு முரணானது என்பது அத்தீர்ப்பு. அங்குக் காக்கப்பட்டது செய்தி செல்லும் வழியன்று, சொல்லாதிருக்கும் உரிமை.

அகமரபும் இவ்வுரிமையை அறியும். தாம் துய்த்த இன்பம் இத்தகையது எனப் பிறர்க்குப் புலப்படுத்த இயலாமையே அகத்தின் இயல்பு என நச்சினார்க்கினியர் விளக்குவார். அகத்திணை மாந்தரின் பெயரைச் சுட்டலாகாது எனத் தொல்காப்பியம் விதிக்கும். உணர்வு வெளிப்படுகிறது, உரியவர் வெளிப்படுவதில்லை. சட்ட உரிமையும் இலக்கிய மரபும் ஒன்றல்ல. எனினும், உணர்வைப் பொதுவாக்கும்போதும் அதற்குரியவரைக் காத்தல் இயலும் என்பதற்கு அகக்கவிதை நெடுங்காலச் சான்று.

முடிவுரை

இதுவரை கடத்தப்பட்டவை அனுபவத்தின் சிதறிய படிகளே. நான்கு படிகளும் ஒருங்கே கடத்தப்படும் காலம் வருமாயின், வழியை மட்டும் காக்கும் பாதுகாப்பு போதாது. அனுப்புபவரின் மௌனமும் பெறுபவரின் உடலும் அவ்வரையறைக்குள் வர வேண்டும். இவ்வரையறையை வகுப்பதில் மெய்ப்பாட்டியலும் அகமரபும் அறிவியலுக்கு வினாத் தொடுக்கும் தகுதியுடையன.