கபீரியாவின் வீடு

தமிழ் சினிமாவில் ஒரு பாலியல் தொழிலாளி வந்தால், க்ளைமாக்ஸில் அவருக்கு என்ன ஆகும் என்று இடைவேளையிலேயே சொல்லிவிடுவீர்கள். ஒன்று, ஹீரோவுக்கு வந்த குண்டைத் தான் வாங்கிக்கொண்டு சாவார். இல்லாவிட்டால், பெரிய மனசு பண்ணி யாராவது தாலி கட்டுவார்கள்.

கே.பாலசந்தரின் 'அரங்கேற்றம்' (1973) துணிச்சலான படம்தான். வைதீகக் குடும்பத்தின் வறுமையைத் தன் உடம்பை விற்றுத் தீர்க்கிற மூத்த பெண்ணாகப் பிரமிளா. அவள் பணத்தில் சாப்பிட்ட வீடே, விஷயம் தெரிந்ததும் முகம் சுளிக்கிறது. அதுவரை சரி. கடைசியில் அவளுக்குப் பைத்தியம் பிடிக்க வேண்டுமா? பரிதாபம் கிடைத்துவிட்டது. மரியாதை?

அதற்கு ஃபெலினியின் 'நைட்ஸ் ஆஃப் கபீரியா' (1957) பாருங்கள். ரோமுக்கு வெளியே பொட்டலில், தீப்பெட்டி மாதிரி ஒரு வீடு. கபீரியா சம்பாதித்து வாங்கியது. தண்ணி உண்டு, கரன்ட் உண்டு, கேஸ்கூட உண்டு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். ஒருநாள் பிரபல நடிகன் ஒருவன் அவளைத் தன் பங்களாவுக்கு அழைத்துப் போகிறான். அந்த நேரம் பார்த்துக் காதலி வந்து நிற்க, கபீரியாவை பாத்ரூமில் ஒளித்துவைக்கிறான். ராத்திரி முழுக்க அங்கேதான். துணைக்கு ஒரு நாய்க்குட்டி. விடிந்ததும் சத்தமில்லாமல் வெளியே அனுப்பப்படுகிறாள். வசனம் பேசி அழ வைத்திருக்கலாம். ஃபெலினி செய்யவில்லை. ஜூலியட்டா மாசினாவின் முகம் போதும். (கான் விழாவில் சிறந்த நடிகை விருது சும்மாவா கொடுத்தார்கள்?)

கட்டிக்கொள்கிறேன் என்றவனை நம்பி அந்த வீட்டையும் விற்கிறாள். பணத்தோடு அவன் கம்பி நீட்டுகிறான். கதறித் தீர்த்துவிட்டு எழுந்து நடக்கிறாள். பாடிக்கொண்டு வரும் இளவட்டங்களுக்கு நடுவே, கன்னத்தில் மை கரைந்திருக்க, சிரிக்கிறாள். ஒரு கணம் நம்மையும் பார்க்கிறாள். சாவும் இல்லை, தாலியும் இல்லை.

வீட்டையே ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்கிறீர்களா? 2022 பிப்ரவரியில் 'கங்குபாய் கத்தியவாடி' வந்தது. ஆசாத் மைதானத்தில் வெள்ளைச் சேலையில் ஆலியா பட் பேசப் பேச, தியேட்டரில் கைதட்டல். மூன்றே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் ஓர் உத்தரவு போட்டது. முகவரிச் சான்று இல்லாவிட்டாலும், உரிய அதிகாரியின் சான்றிதழை வைத்துப் பாலியல் தொழிலாளிகளுக்கு ஆதார் கொடுங்கள். அட்டையில் அவர்கள் தொழிலைக் காட்டிக்கொடுக்கும் குறியீடு எதுவும் இருக்கக் கூடாது என்றது. கொரோனா காலத்தில், 2020-ல், அடையாளச் சான்று கேட்காமல் இவர்களுக்கு ரேஷன் கொடுங்கள் என்றும் இதே கோர்ட்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மைதானப் பேச்சை எடுக்க சஞ்சய் லீலா பன்சாலி இருக்கிறார். கையில் பையோடு ரேஷன் கடை க்யூவில் நிற்கிற, 'அட்ரஸ் என்னம்மா?' என்று கேட்டதும் தலை குனிகிற பெண்ணை நம் படம் எதிலும் நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் எழுதுங்கள்.